விரைப் புற்றுநோய்: கீமோ முடிந்த பிறகும் ஆபரேஷனா? டர்பன் நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, தம்பிக்கு நான்-செமினோமா என்ற வகை விரைப் புற்று. 4 சைக்கிள் கீமோ முடிந்து ரத்தத்தில் புற்றைக் காட்டும் மார்க்கர்களான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி எல்லாம் நார்மல். ஆனாலும் ஸ்கேனில் வயிற்றுக்குள் 3 செ.மீ. கட்டி மிச்சம் இருக்கிறதாம், ஆபரேஷன் என்கிறார்கள். தேவையா?

தேவைதான், தள்ளிப்போடாதீர்கள். மார்க்கர் இறங்கிய பிறகும் முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி 1 செ.மீ.க்கு மேல் கட்டி நின்றால் எடுத்துவிடுவதுதான் வழக்கம். எடுத்துச் சோதித்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெறும் செத்த திசு, பத்தில் நாலு பேருக்கு டெரடோமா (பல வகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி), ஒருவருக்கு உயிருள்ள புற்று. எது என்று ஸ்கேனை வைத்து எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. டெரடோமாதான் கள்ளன். ரத்தத்தில் காட்டாது, கீமோவுக்கும் கதிருக்கும் மசியாது, சத்தமில்லாமல் வளர்ந்து சிறுநீர்க்குழாயை நெருக்கும், சில பேருக்கு வருடங்கள் கழித்து வேறு வகைப் புற்றாகவே மாறிவிடும். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற சர்ஜனாகப் பாருங்கள், அதில் மட்டும் சமரசம் வேண்டாம். அப்புறம், கீமோவில் ப்ளியோமைசின் என்ற மருந்து ஏறியிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், நுரையீரலை அது பாதித்திருக்கலாம் என்பதால் ஆக்ஸிஜனையும் டிரிப்பையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: என் வீட்டுக்காரருக்கு செமினோமா என்ற இன்னொரு வகை விரைப் புற்று, கீமோ முடிந்துவிட்டது. அவருக்கும் வெட்டணுமா?

பெரும்பாலும் வேண்டாம். 3 செ.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தால், உயிருள்ள புற்று இருக்கும் இடம் மின்னிக் காட்டும் பெட் ஸ்கேன் பார்ப்பார்கள், அதுவும் கீமோ முடிந்து 2 மாதமாவது போகட்டும். அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் இடம்கூட புற்று மாதிரி மின்னும்.

ஃபீனிக்ஸிலிருந்து, வயது 24: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை பிறக்குமா?

இதில் என்ன கூச்சம் தம்பி, எல்லாரும் கேட்பதுதான். விந்தை வெளியே தள்ளும் நரம்புகள் சர்ஜன் கை வைக்கிற இடத்தில்தான் ஓடுகின்றன. அவை அறுபட்டால் விறைப்பு வரும், உச்சமும் வரும், விந்து மட்டும் வெளியே வராது. நரம்பை விட்டுவிட்டு எடுக்கவும் முடியும், கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, முன்கூட்டியே கேள். கீமோவுக்கு முன்பே விந்தைச் சேமித்திருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டாலும் விரையிலிருந்தே விந்தணு எடுக்க வழி உண்டு.

டோங்காட்டிலிருந்து ஓர் அம்மா: மகன் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த வாரம் தைப்பூசம், காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறோம்...

இந்த வருடம் வேண்டாம் அம்மா. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கீறித் தைத்திருக்கிறார்கள், 6 வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. அவனுக்காக நீங்கள் பால்குடம் எடுங்கள். வயிறு உப்பிக்கொண்டே போனால் மட்டும் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நிணநீர் உள்ளே கசிந்தால் அப்படி ஆகும். அது நிற்கும் வரை கொழுப்பில்லாத சாப்பாடுதான், பிரியாணி, ஆட்டுக்கறி எதுவும் கிடையாது.