டிரஸ்டா, கம்பெனியா? சாமை விற்கும் நான்கு நண்பர்களுக்கு

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் 25 வயதுக்குள். ஜவ்வாது மலை விவசாயிகளிடம் நியாயமான விலைக்குச் சாமை வாங்கி, அரிசியாக்கி, சென்னையில் விற்கிறோம். ஒரு போகம் முடிந்துவிட்டது. அடுத்து பெங்களூருக்கும் அனுப்பலாம் என்று யோசனை. டிரஸ்ட் ஆரம்பித்தால் வரி கிடையாது, நன்கொடையும் வரும் என்கிறார் தெரிந்த ஆடிட்டர். கம்பெனி ஆரம்பித்தால் ‘சேவை என்று சொல்லிக்கொண்டு வியாபாரம் பண்ணுகிறார்கள்’ என்று ஊரில் பேசுவார்களோ என்று தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: ஊர் பேசுவது சரிதான், நீங்கள் செய்வது வியாபாரம்தான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விவசாயிக்கு வேண்டியது சொன்ன விலையும் சொன்ன தேதியில் பணமும். ரசீதில் டிரஸ்ட் பெயர் இருக்கிறதா, கம்பெனி பெயர் இருக்கிறதா என்று அவர் பார்க்கப்போவதில்லை.

டிரஸ்டுக்கு வரி கிடையாது என்பதில் பாதிதான் உண்மை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்ததும் விலக்கு தானாக வந்துவிடாது. அதற்கு வருமான வரித் துறையில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ‘பொதுப் பயன்பாட்டுப் பணி’ என்ற வகைக்குள் வரும் டிரஸ்டின் மொத்த வரவில், வியாபார வரவு 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கான விலக்கு போய்விடும். உங்கள் வரவு முழுக்கவே சாமை விற்ற காசு. ‘இது ஏழைகளுக்கான உதவி, இந்த வரம்பு எங்களுக்குப் பொருந்தாது’ என்று வாதாட இடம் உண்டுதான். ஆனால் மூட்டை தூக்க வேண்டிய நேரத்தில் வரி அலுவலகத்தில் போய் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டுமா? கம்பெனிக்கு வரி லாபத்தின் மேல்தான். முதல் இரண்டு மூன்று வருடங்களில் உங்களுக்குப் பெரிய லாபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நன்கொடையும் உடனே வந்து கொட்டாது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்குப் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க, அதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதற்கும் மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். இரண்டும் இன்றைக்கு உங்களுக்கு எட்டாது.

ஆகவே வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். காசு எங்கிருந்து வருகிறது, மிஞ்சுவது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். முதலாவதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், விற்பனையிலிருந்து. இரண்டாவதை நால்வரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பங்கே வேண்டாம், சம்பளம் மட்டும் போதும் என்றால் செக்‌ஷன் 8 கம்பெனி இருக்கிறது. அதில் வியாபாரம் செய்யலாம், லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. விவசாயிகளுக்கே சொந்தமாக வேண்டும் என்றால் உற்பத்தியாளர் கம்பெனி. அதற்குக் குறைந்தது 10 உற்பத்தியாளர்களும் 5 இயக்குநர்களும் வேண்டும். யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். விவசாயி அல்லாத நீங்கள் அதில் உறுப்பினராவது எளிதல்ல, நிர்வாகியாகச் சம்பளத்துக்கு இருக்கலாம். இந்த ஏற்பாட்டை மனசார ஏற்க முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நீலகிரியில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1993-லிருந்து பழங்குடி மக்களோடு, குறிப்பாகத் தேன் எடுப்பவர்களோடு, வேலை செய்கிறது. விற்பனை வளர்ந்ததும் 2010-ல் லாஸ்ட் ஃபாரஸ்ட் என்று தனி நிறுவனம் வந்தது. 2013-ல் பழங்குடியினரே உரிமையாளர்களாக ஆதிமலை என்ற உற்பத்தியாளர் கம்பெனி உருவானது. ஆராய்ச்சியும் பயிற்சியும் ஓரிடத்தில், விற்பனை ஓரிடத்தில், உற்பத்தி மக்களின் கையில். இந்த இடத்துக்கு வந்துசேர அவர்களுக்கு 20 வருடம் ஆனது. நீங்கள் முதல் நாளே மூன்று போர்டு மாட்ட வேண்டியதில்லை.

இப்போதைக்கு எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்பு ஓர் அளவோடு நின்றுவிடும் கூட்டு நிறுவனம், போதும் என்பது என் கருத்து. விற்பனை 40 லட்சத்தையும் மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாதவரை அதற்குக் கட்டாயத் தணிக்கை கிடையாது. பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய்கூட விற்காவிட்டாலும் தணிக்கை உண்டு. எனக்குத் தெரிந்த இளைஞர் குழு ஒன்று பெருமைக்காகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டு, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய மறந்துபோனது. இரண்டு படிவம், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு வருடத்தில் 73,000. முதலீட்டாளர் யாராவது பங்கு கேட்டு வந்தால் அன்றைக்குக் கம்பெனியாக மாறிக்கொள்ளலாம். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு எல்எல்பியும் விண்ணப்பிக்கலாம், டிரஸ்டால் முடியாது. பெங்களூர் விஷயத்தில் கவனம். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய சாமைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வெளிமாநிலத்துக்கு விற்றால் ஜிஎஸ்டி பதிவுக்கான 40 லட்ச விற்பனை வரம்பெல்லாம் கணக்கில் வராது, முதல் பாக்கெட்டுக்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு தப்பாகி மூடியவர்களைவிட, அறுவடை நேரத்தில் கையில் காசில்லாமல் மூடியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்குக்காகக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 டன் வாங்க 2 லட்சம் ரொக்கம் வேண்டும். உமி நீக்கினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும். அதாவது அரவைக் கூலி, வண்டி வாடகை, பாக்கெட் எதுவும் சேராமலேயே அரிசி கிலோ 60 ரூபாய். நகரத்துக் கடைக்காரர் பணம் தர 45 நாள் ஆக்குவார். அதற்குள் அடுத்த லோடு எடுக்க வேண்டும், நின்ற சரக்கில் வண்டு விழும்.

மலையில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கொடுப்பார், அது உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்திலும், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ராத்திரியிலும் முன்பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான். அறுவடை ஆனதும் மூட்டை அவர் வீட்டுக்குப் போவது அதனால்தான். கிலோவுக்கு 5 ரூபாய் கூடக் கொடுத்தால் எல்லோரும் உங்களிடம் வந்துவிடுவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். சின்ன அளவிலாவது முன்பணம் கொடுக்க ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த ஊர் மகளிர் குழு வழியாகக் கொடுத்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

எல்எல்பி பதிவானதும் 30 நாளுக்குள் கூட்டாளிகள் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே போட்டுவிடாதீர்கள். நால்வரில் ஒருவருக்கு அரசு வேலை கிடைக்கும், இன்னொருவருக்குக் கல்யாணமாகி வெளியூர் போக வேண்டியிருக்கும். போகிறவர் பங்கு என்ன ஆகும், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், மாதச் சம்பளம் யாருக்கு எவ்வளவு என்று ரூபாய் கணக்கோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கிலோவுக்கு விவசாயி கைக்குப் போகும் குறைந்தபட்ச விலையையும் அதிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அதை மாற்ற நால்வரும் சம்மதிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.