நிரலிடம் ஊர் கேட்கும் பிரௌசர்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு நிரல் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? நான் பல வருடங்களாக மல்லுக்கட்டும் விஷயம் இது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. என் லேப்டாப்பில் 3000 போர்ட்டில் ஒரு பக்கமும் 8000 போர்ட்டில் ஒரு சர்வரும் ஓடுகின்றன. பக்கத்திலிருந்து சர்வரிடம் தகவல் கேட்டால் சிவப்பு எழுத்தில் 'கோர்ஸ்' பிழை வருகிறது. இரண்டும் ஒரே லேப்டாப்தானே? ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் சீனியர். போடலாமா?

போடாதீர்கள்.

ஒரே லேப்டாப் என்பதெல்லாம் பிரௌசருக்குக் கணக்கில்லை. அது மூன்றைப் பார்க்கிறது: முகவரி எச்டிடிபியில் தொடங்குகிறதா எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறதா, தளத்தின் பெயர் என்ன, போர்ட் எண் (ஒரே கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) என்ன. மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் ஒரே ஆரிஜின், அதாவது ஒரே பிறப்பிடம். உங்களுக்கு மூன்றாவது உதைக்கிறது. ஒரு ஆரிஜினின் ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்துக்குள் ஓடும் நிரல், இன்னொரு ஆரிஜினின் தகவலைப் படிக்கக் கூடாது. 1995-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்ட் வந்த கையோடு வந்த விதி இது. ஆர்எஃப்சி 6454 என்ற ஆவணமாக அதை முறைப்படி எழுதி வைத்தது 2011 டிசம்பரில்தான்.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு டேபில் உங்கள் மெயில் லாகின் ஆகித் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டேபில் முன்பின் தெரியாத ஒரு தளம். அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் உங்கள் பிரௌசருக்குள்தான் ஓடுகிறது. அது மெயில் சர்வரிடம் "இன்பாக்ஸைக் கொடு" என்று கேட்டு, அந்தக் கோரிக்கையோடு உங்கள் குக்கியும் (நீங்கள் லாகின் ஆனவர் என்று காட்டும் சீட்டு) ஒட்டிக்கொண்டு போனால், கேட்பது நீங்கள்தான் என்று நினைத்து சர்வர் எடுத்துக் கொடுத்துவிடும். (இப்போது குக்கிகளுக்கும் 'சேம்சைட்' என்று தனிக் கட்டுப்பாடு உண்டு.) அந்தப் பதிலை ஸ்கிரிப்ட்டின் கையில் கொடுக்காமல் பிரௌசர் நடுவில் நிற்கிறதே, அதுதான் நீங்கள் பார்க்கும் சிவப்பு எழுத்து.

இங்கே நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் உண்டு. சாதாரணக் கோரிக்கை பெரும்பாலும் சர்வருக்குப் போய்விடுகிறது. தடுக்கப்படுவது பதிலைப் படிப்பதுதான். உங்கள் சர்வர் லாக்கைத் திறந்து பாருங்கள், கோரிக்கை அங்கே பதிவாகி இருக்கும். கொஞ்சம் விவகாரமான கோரிக்கை என்றால் மட்டும், உதாரணமாக ஒன்றை அழிக்கச் சொல்வது என்றால், அனுப்பலாமா என்று பிரௌசர் முன்கூட்டியே ஆள் விட்டுக் கேட்கும். அதற்குப் பெயர் ப்ரீஃப்ளைட்.

ஆகவே திருத்த வேண்டியது சர்வரை. '3000 போர்ட்டில் இருக்கும் பக்கம் என் பதிலைப் படிக்கலாம்' என்று அது தன் பதிலின் ஹெடரில், அதாவது பதிலோடு போகும் தலைக்குறிப்பில், சொல்ல வேண்டும். இந்த அனுமதி முறைக்குப் பெயர்தான் கோர்ஸ். நட்சத்திரக் குறி போட்டு எல்லோருக்கும் திறந்துவிடும் பழக்கம் வேண்டாம். அப்படிப் போட்டுவிட்டு குக்கியையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் பிரௌசர் எப்படியும் மறுத்துவிடும். உங்கள் சீனியர் சொன்ன எக்ஸ்டென்ஷன் எல்லாத் தளங்களின் பதிலிலும் பொய்யாக அந்த அனுமதியை ஒட்டுகிறது. வேலை முடிந்ததும் அதை அணைக்க மறந்தால், அப்புறம் நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்துக்கும் அந்தப் பொய் அனுமதி செல்லும்.

கேள்வி: ஏதோ ஒரு தளத்தில் தெரியாமல் 'அனுமதி' பட்டனை அழுத்திவிட்டேன். தினமும் பத்துப் பதினைந்து அறிவிப்புகள். ஆன்டிவைரஸ் போட்டும் நிற்கவில்லை. போனையே ரீசெட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். வைரஸ் எதுவும் இல்லாததால்தான் ஆன்டிவைரஸுக்கு அகப்படவில்லை. நீங்கள் கொடுத்த அனுமதி அந்தத் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. பிரௌசர் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பழக்கமில்லாத பெயரைத் தொட்டு 'பிளாக்' கொடுங்கள், உடனே நின்றுவிடும். அப்படியே கேமரா, மைக், லொகேஷன் பட்டியல்களையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். அங்கேயும் பழைய அனுமதிகள் கிடக்கலாம்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்ற நிரலாளன் நான். ஜாவா ஆப்லெட் காலத்தில் பாலிசி ஃபைலில் 'கோட்பேஸ்' என்று முகவரி கொடுத்து, அங்கிருந்து வரும் நிரலுக்கு இந்த ஃபோல்டரைப் படிக்கலாம், இந்த சர்வரோடு பேசலாம் என்று வரி வரியாக அனுமதி எழுதினோம். எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! ஏன் அழிந்தது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு அந்தக் காலத்துக்கே போய்விட்டது.

இளம் வாசகர்களுக்காக முன்கதை. 1996-ல் ஜாவா 1.0 வந்தபோது, வலையிலிருந்து இறங்கிப் பிரௌசருக்குள் ஓடும் ஆப்லெட் என்ற சின்ன நிரல், சாண்ட்பாக்ஸ் என்ற வேலிக்குள் அடைபட்டிருந்தது. உங்கள் ஃபைல்களைத் தொட முடியாது. தன்னை அனுப்பிய சர்வரைத் தவிர வேறு யாரோடும் பேச முடியாது. அது ஒரு ஜன்னல் திறந்தால் அதன் மேலேயே எச்சரிக்கைப் பட்டை இருக்கும். அதே வருடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரூ டீன், எட்வர்ட் ஃபெல்டன், டான் வாலக் மூவரும் இதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆப்லெட் 'தன்னை அனுப்பிய சர்வர்' எது என்பதை, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிடம் கேட்டுத்தானே முடிவு செய்ய வேண்டும்? டிஎன்எஸ்ஸைத் தன் கையில் வைத்திருப்பவன் அதற்கு வேறு ஒரு எண்ணைப் பதிலாகக் கொடுத்துவிடலாம். முகவரியை நம்பி அனுமதி கொடுத்தால், அந்த முகவரியைச் சொல்பவரையும் நம்பியாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஜாவா 1.1-ல் டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆப்லெட் வந்தது. நம்பினால் முழுச் சுதந்திரம், இல்லாவிட்டால் சாண்ட்பாக்ஸ். நடுவே எதுவும் கிடையாது. 1998 டிசம்பரில் வந்த 1.2-தான் நீங்கள் சொல்லும் பாலிசி ஃபைலைக் கொண்டுவந்தது. அதன் அழகு வேறு ஒன்றிலும் இருந்தது. ஒரு ஃபைலைத் திறக்கும் நேரத்தில், அழைத்தவர், அவரை அழைத்தவர் என்று வரிசையில் நிற்கும் எல்லா நிரல்களிடமும் அனுமதி இருக்கிறதா என்று ஜாவா பார்க்கும். நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டாலும் கதவு திறக்காது. பெரியவர் பின்னால் ஒளிந்துகொண்டு சின்னவர் உள்ளே நுழைய முடியாது. இன்றும் அதை நினைத்து வியக்கிறேன்.

அழிந்ததற்கு என் அனுபவத்திலிருந்தே காரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு ஆப்லெட்டால் அறிக்கையை அச்சடிக்க முடியவில்லை. அச்சடிக்க ஒரு அனுமதி, எழுத்துரு படிக்க ஒன்று, தற்காலிக ஃபைல் எழுத ஒன்று. ஒன்றைச் சேர்த்தால் அடுத்தது இல்லை என்று நிற்கும். மூன்று நாள் போராடிவிட்டு, கோட்பேஸ் முகவரியின் கடைசியில் சாய்கோடும் சிறுகோடும் போட்டு 'ஆல்பர்மிஷன்', அதாவது எல்லா அனுமதியும், என்று எழுதினேன். வெறும் சாய்கோடு போட்டால் அந்த ஃபோல்டரில் இருக்கும் கிளாஸ் ஃபைல்கள் மட்டும். சாய்கோடும் நட்சத்திரமும் என்றால் ஜார் ஃபைல்களும் (கிளாஸ் ஃபைல்களைக் கட்டிய மூட்டைகள்) சேரும். சாய்கோடும் சிறுகோடும் என்றால் உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களும் அதில் அடக்கம். எட்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், ஊழியர்கள் ஆவணங்களை அப்லோட் செய்யும் ஃபோல்டர் அதே முகவரிக்குள் இருந்தது. அங்கே ஒரு ஜார் ஃபைலைப் போட்டுவிட்டு, அதை ஓடவைக்கும் பக்கத்துக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும். அதைத் திறந்தவர் கம்ப்யூட்டரில் அந்த நிரலுக்கு முழு அதிகாரம் கிடைத்திருக்கும். யாரும் செய்யவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சிறுகோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடந்த கதை இல்லை இது. அனுமதிகளைச் சரியாகப் பிரித்து எழுதுவது கடினம், அதனால் எழுதியவர்களே குறைவு. ஆப்லெட்டும் வழக்கொழிந்தது. 2021-ல் ஜாவா 17, இந்த அனுமதிகளைச் சரிபார்த்த செக்யூரிட்டி மேனேஜரைக் கைவிடப்போவதாக அறிவித்தது, 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 அதை நிரந்தரமாக முடக்கிவிட்டது.

கேள்வி: மெயிலில் வந்த ஃபைலை நேரடியாகத் திறந்தால் விண்டோஸ் எச்சரிக்கிறது. அதையே பென்டிரைவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் சொல்வதில்லை. ஃபைல் சுத்தமாகிவிட்டதா?

இல்லை. பிறந்த இடத்தைச் சொல்லும் சீட்டு வழியில் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்து, வலையிலிருந்து இறங்கும் ஃபைலின் பக்கத்தில் 'சோன்.ஐடென்டிஃபையர்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு ஒட்டப்படுகிறது. அதில் எண் 3 இருந்தால் 'இணையத்திலிருந்து வந்தது' என்று பொருள். இந்தக் குறிப்பு என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைந்த டிஸ்க்கில்தான் தங்கும். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்பதால் அதில் ஏறும்போதே போய்விடுகிறது. 2022-லிருந்து இணையத்திலிருந்து வந்த ஆஃபீஸ் ஃபைல்களின் மேக்ரோக்களை (ஃபைலுக்குள் இருக்கும் குட்டி நிரல்கள்) மைக்ரோசாஃப்ட் இந்தக் குறிப்பை வைத்துத்தான் தடுக்கிறது. ஆகவே பென்டிரைவில் கொடுப்பவர் தெரிந்தவரே ஆனாலும், ஃபைல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத் திறங்கள்.

கேள்வி: சிறிய தளம் ஒன்று நடத்துகிறேன். வருகைக் கணக்கு, சாட் பெட்டி, எழுத்துரு என்று நாலைந்து வெளித் தளங்களிலிருந்து ஸ்கிரிப்ட் ஏற்றியிருக்கிறேன். அவை வேறு ஆரிஜின் என்பதால் என் பக்கத்தில் எதையும் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

தவறு. இந்த ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்தேன்.

ஜாவா பாலிசி ஃபைல் நிரல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தது. பிரௌசர் அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்கிரிப்ட்டை எந்த சர்வர் அனுப்பினாலும் சரி, எந்தப் பக்கம் அதை ஏற்றியதோ அந்தப் பக்கத்தின் ஆரிஜினில் அது ஓடும். உங்கள் பக்கத்தில் 'ஸ்கிரிப்ட்' டேக் போட்டு அழைத்த அடுத்த நொடியே அது உங்கள் வீட்டு ஆள். படிவத்தில் தட்டுவதைப் படிக்கலாம், உங்கள் சர்வரிடம் உங்கள் வாசகர் பெயரில் பேசலாம், பக்கத்தையே மாற்றி எழுதலாம்.

ஒரு முறை ஒரு பதிவுப் படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளியே போகும் கோரிக்கைகளை வரி வரியாகக் காட்டும் பிரௌசரின் நெட்வொர்க் டேப் திறந்திருந்தது. பெயர்ப் பெட்டியில் ஒரு எழுத்து தட்டினால் ஒரு வரி முளைக்கிறது. இன்னொரு எழுத்து, இன்னொரு வரி. எங்கள் குழுவில் யாருக்குமே தெரியாத ஒரு டொமைனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல் பெட்டிக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன். விசாரித்தால், இரண்டு வருடத்துக்கு முன் யாரோ விளம்பர ஆய்வுக்காகச் சேர்த்த ஸ்கிரிப்ட். சேர்த்தவர் வேலையை விட்டே போயிருந்தார்.

ஏற்றும்போது நல்ல கையில் இருந்த தளம் பிற்பாடு கைமாறவும் செய்யும். பல தளங்களுக்கு ஸ்கிரிப்ட் வழங்கிய பாலிஃபில்.ஐஓ என்ற டொமைன் 2024 பிப்ரவரியில் வேறொருவர் கைக்குப் போனது. ஜூன் மாதம், அதே முகவரியிலிருந்து நச்சு நிரல் பரவுவதைக் கண்டுபிடித்தார்கள். அதை ஏற்றியிருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தத் தளங்களை நடத்தியவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், தேவையில்லாததை எடுங்கள். எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். மாறாத நிரல் நூலகம் என்றால் 'ஸ்கிரிப்ட்' டேகின் 'இன்டெக்ரிட்டி' என்ற பண்பில் அதன் ஹாஷை, அதாவது அந்த ஃபைலின் கைரேகை போன்ற குறியீட்டைப் போடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிரௌசர் அதை ஓடவிடாது. அடிக்கடி மாறும் சாட் பெட்டிக்கு அது ஒத்துவராது. அதை முடிந்தால், பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக நிற்கும் ஐஃப்ரேமுக்குள் போட்டு அதன் சொந்த ஆரிஜினிலேயே உட்கார வையுங்கள். உங்கள் பக்கமும் அந்தப் பெட்டியும் பேசிக்கொள்ள 'போஸ்ட்மெசேஜ்' இருக்கிறது, ஆனால் வரும் செய்தி எந்த ஆரிஜினிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி'. எந்தெந்தத் தளங்களின் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடலாம் என்று ஹெடரில் பட்டியல் கொடுத்தால், பட்டியலில் இல்லாததைப் பிரௌசர் நிறுத்திவிடும். பக்கத்துக்குள்ளேயே எழுதிச் செருகிய ஸ்கிரிப்ட்டையும் தடுக்கும். இது முக்கியம். 2005 அக்டோபரில் சாமி கம்கார் எழுதிய புழு (தானே பரவும் நிரல்) மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரே நாளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளில் பரவியது. அது வெளித் தளத்திலிருந்து வரவில்லை, மைஸ்பேஸ் பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டு மைஸ்பேஸின் ஆரிஜினிலேயே ஓடியது.

எடுத்த எடுப்பில் தடை போட்டால் உங்கள் தளமே பாதி நின்றுவிடும். 'ரிப்போர்ட் ஒன்லி' என்று ஒரு வகை உண்டு. எதையும் தடுக்காமல், எதெல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று மட்டும் நீங்கள் சொல்லும் முகவரிக்கு அறிக்கை அனுப்பும். இரண்டு வாரம் அதை ஓடவிடுங்கள். நாலைந்து ஸ்கிரிப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வேறு ஸ்கிரிப்ட்டுகளை இழுத்துக்கொண்டு வரும். அறிக்கையில் எத்தனை டொமைன் பெயர்கள் வந்தன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று பெயர் பெயராகப் பார்ப்போம்.