வெறுக்கலாம், அடிக்கக் கூடாது

அன்புள்ள ஐயா,

நான் கிராக்கோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வீடு கஜிமியேஷ் பகுதிக்குப் பக்கத்தில். அங்கே யூதத் தெருக்கள், ஜெபாலயங்கள், யூத உணவகங்கள் எல்லாம் இருக்கின்றன. யூதர்கள்தான் அனேகமாக இல்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில் 'போலிஷ் வதைமுகாம்கள்' என்று சொல்லிவிட்டேன். என் போலிஷ் நண்பனுக்கு முகமே மாறிவிட்டது. யூதர்களைக் காப்பாற்றியதில் உலகிலேயே நாங்கள்தான் முதலிடம் என்று கத்தினான். அன்று இரவு யெட்வாப்னே படுகொலை பற்றி வாசித்தேன், தூங்க முடியவில்லை. எதை நம்புவது? போலந்துக்காரர்கள் காப்பாற்றியவர்களா, காட்டிக்கொடுத்தவர்களா? வட்டி, சாராயக்கடை என்று யூதர்கள் பக்கமும் தவறுகள் இருந்திருக்கும். அதற்காகக் கொல்வது சரியில்லைதான். நடுநிலையாக எழுதப்பட்ட ஒரு நூலைச் சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவுஷ்விட்ஸும் ட்ரெப்ளிங்காவும் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்து மண்ணில் ஜெர்மானியர்கள் அமைத்து நடத்தியவை. அந்தப் பழியைப் போலந்தின் தலையில் போடுவது அநியாயம். (அதற்காக 2018இல், நாஜிக் குற்றங்களுக்குப் போலிஷ் தேசத்தைப் பொறுப்பாக்கிப் பேசினால் மூன்றாண்டு சிறை என்று அந்நாட்டு அரசு சட்டம் போட்டது அசட்டுத்தனம். சில மாதங்களிலேயே தண்டனைப் பிரிவை அவர்களே நீக்கிவிட்டார்கள்.) காப்பாற்றியவர்கள் விஷயத்திலும் அவர் சொல்வது சரி. யூதர்களைக் காப்பாற்றியவர்கள் என்று இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் கௌரவித்தவர்களில் 7,000க்கும் மேற்பட்டவர்கள் போலந்துக்காரர்கள், வேறெந்த நாட்டையும் விட அதிகம். யெட்வாப்னேயும் உண்மை. 1941 ஜூலை 10 அன்று ஜெர்மானியத் தூண்டுதலில், சொந்த ஊர்க்காரர்களே யூதக் குடும்பங்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீவைத்தார்கள். செத்தவர்கள் குறைந்தது 340 பேர் என்று போலந்தின் தேசிய நினைவு நிறுவனமே விசாரித்து எழுதியிருக்கிறது. இரண்டையும் தராசில் வைத்து முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை.

நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விக்காக அல்ல. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளுக்காக. 'யூதர்கள் பக்கமும் தவறுகள் இருந்திருக்கும். அதற்காகக் கொல்வது சரியில்லைதான்.' இதை எழுதும்போது ஒரு நிமிடம்கூடப் பேனா தயங்கவில்லையா? நல்ல மனிதர் நீங்கள், கடிதத்தில் தெரிகிறது. யெட்வாப்னேவைப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்த மனிதர். அதனால்தான் கோபம் வருகிறது.

சாராயக்கடை விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். போலந்தில் நிலமும் சாராயம் காய்ச்சும் உரிமையும் பிரபுக்களிடம் இருந்தன. அவர்கள் அதை யூதர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். லாபம் பிரபுவின் மாளிகைக்குப் போனது. குடியானவனின் கண்ணில் பட்டது கடையில் நின்று காசு வாங்கியவனின் முகம். 1648இல் உக்ரைனில் கிளர்ச்சி வெடித்தபோது பிரபுக்களோடு சேர்ந்து யூதர்களும் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். கோட்டைக்குள் ஓட முடிந்த பிரபு தப்பினான். 1931 கணக்கெடுப்பில் போலந்தில் 31 லட்சம் யூதர்கள், பத்தில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சந்தையில் கடைவிரிப்பவர்கள், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடியவர்கள். வட்டி, சாராயம் என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

இப்போது அந்த இரண்டு வரிகள். சில மாதங்களாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். போலந்தில் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. முதல் பாதியில் குற்றச்சாட்டு. இரண்டாம் பாதியில், இருந்தாலும் கைவைக்கக் கூடாது என்ற தடை. 1936 பிப்ரவரியில் திருச்சபைத் தலைவர் கர்தினால் ஹ்லோண்ட் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். யூதர்கள் நாத்திகத்தையும் போல்ஷ்விசத்தையும் பரப்புகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், வட்டி வாங்குகிறார்கள் என்று அடுக்கினார். எல்லா யூதர்களும் அப்படியல்ல என்றார். அவர்கள் கடையைத் தவிர்க்கலாம், ஆனால் அவர்களை அடிப்பதும் கடையை உடைப்பதும் கூடாது என்றார். மார்ச்சில் ப்ஷிட்டிக் என்ற சிற்றூர்ச் சந்தையில் கலவரம் மூண்டு, ஒரு யூதத் தம்பதியும் ஒரு போலிஷ்காரரும் செத்தார்கள். ஜூனில் பிரதமர் ஸ்க்வாட்கோவ்ஸ்கி நாடாளுமன்றத்தில் எழுந்து, யூதர்களுக்கு எதிரான பொருளாதாரப் போராட்டம் தாராளமாக நடக்கட்டும், உடம்பில் கைபடக் கூடாது என்றார். மறு ஆண்டு பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குத் தனி பெஞ்சுகள் வந்தன. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? வகுப்பில் அடிதடி நடக்காமல் இருக்க வேண்டுமாம்! பல யூத மாணவர்கள் அந்த பெஞ்சில் உட்கார மறுத்து, பாடம் முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார்கள்.

முதல் பாதி தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டாம் பாதி கூட்டத்தின் காதில் விழுவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான் என்றால் உங்களை இவ்வளவு நேரம் உட்காரவைத்திருக்க மாட்டேன். சோஃபியா கோஸாக் என்ற பெண்மணி குறுக்கே நிற்கிறார்.

அவர் தீவிர கத்தோலிக்கர், புகழ்பெற்ற வரலாற்று நாவலாசிரியர். 1942 ஜூலை 22 அன்று, ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்டில் கோஸாக் 'எதிர்ப்பு' என்ற தலைப்பில் ரகசியத் துண்டறிக்கை ஒன்றை எழுதி 5,000 படிகள் அச்சிட்டு விநியோகிக்க வைத்தார். உலகம் மௌனமாக இருக்கிறது, கொலையைக் கண்டு வாய்திறக்காதவன் கொலைக்கு உடந்தை என்றார். அப்போது இவ்வளவு வெளிப்படையாக எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதே தாளில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. யூதர்கள் மீதான எங்கள் உணர்வு மாறவில்லை, அவர்களை இன்னமும் போலந்தின் அரசியல், பொருளாதார, கருத்தியல் எதிரிகளாகவே கருதுகிறோம் என்கிறது அது. பிறகு மீண்டும் தடை: ஆனாலும் கொலையைக் கண்டிக்கும் கடமையிலிருந்து அது எங்களை விடுவிக்காது.

பிரதமர் பேசிய அதே வாக்கியம்தான், பாருங்கள். கோஸாக் அதன் இரண்டாம் பாதியில் போய்க் குடியிருந்தார். செப்டம்பரில் வாண்டா க்ராஹெல்ஸ்காவோடு சேர்ந்து யூதர்களுக்கு உதவும் ஒரு குழுவைத் தொடங்கினார். டிசம்பரில் அது ஜெகோட்டா அமைப்பாக மாறியது. ஒரு யூதருக்குத் தங்க இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று ஜெர்மானியர்கள் அறிவித்திருந்த ஊரில் பொய்யான பெயர்ச் சான்றிதழ்கள், பணம், ஒளிந்திருக்க வீடுகள். 1943இல் கோஸாக் பிடிபட்டு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து, "இந்தம்மாவை நல்லவங்க கணக்குல எழுதறதா, கெட்டவங்க கணக்குலயா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், பஸ்ஸு போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நீளமாக ஏதோ விளக்கினேன், அவருக்குத் திருப்தி இல்லை. தேநீர் குடிக்கும்போது ஓர் இளம்பெண் வந்தாள். "கதவைத் தட்டினா 'உன்னை எனக்குப் பிடிக்காது, உள்ள வா'ன்னு சொல்லியிருப்பாங்க, இல்லையா சார்?" என்று கேட்டாள். என்னுடைய ஒரு மணிநேர உரையில் இவ்வளவு தெளிவு இல்லை.

ஆனால் அவளிடமும் ஒன்றைச் சொன்னேன். கதவைத் தட்டியவனுக்கு அது போதும். ஊருக்குப் போதாது. கோஸாக்கைக் கொண்டாடுகிறவர்கள் அந்த இன்னொரு பத்தியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள், தூற்றுகிறவர்கள் அதை மட்டும் காட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தாள் முழுசாக வேண்டும். கொலை கூடாது என்று உயிரைப் பணயம் வைத்த அதே கை, அவர்கள் எதிரிகள் என்பதையும் 5,000 படிகள் அச்சிட்டுக் கொடுத்தது. படித்த எல்லோரும் கோஸாக் இல்லையே.

போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், 1946 ஜூலை 4, கெல்ட்சே நகரம். வீட்டில் சொல்லாமல் வெளியூர் போய்த் திரும்பிய ஒரு சிறுவன், யூதர்கள் தன்னை ப்ளாண்டி தெரு 7ஆம் எண் வீட்டு நிலவறையில் அடைத்துவைத்ததாகச் சொன்னான். அந்த வீட்டில் முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு நிலவறையே கிடையாது. உள்ளே போன காவலர்களும் சிப்பாய்களும் சுட்டார்கள், வெளியே கூட்டம் கற்களாலும் இரும்புக் கம்பிகளாலும் அடித்தது. 42 யூதர்கள் செத்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் அடுத்த சில மாதங்களில் நாட்டை விட்டே போனார்கள். கர்தினால் ஹ்லோண்ட் என்ன சொன்னார்? கொலையைக் கண்டித்தார், பிறகு உறவு கெட்டதற்குக் காரணம் ஆட்சியில் முக்கியப் பதவிகளில் இருக்கும் யூதர்கள் என்றார். பத்தாண்டுகளில், 30 லட்சம் பேர் செத்த பிறகும், அந்த வாக்கியம் மாறவில்லை. செஸ்டகோவா ஆயர் தேயோடர் குபினா மட்டும், யூதர்கள் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற பழைய வதந்தி பச்சைப் பொய் என்று மக்களுக்கு அறிக்கை விட்டார். அவர்கள் பக்கமும் தவறு இருக்கும் என்று அதில் முன்னுரை இல்லை. அதற்காகச் சக ஆயர்களின் அதிருப்தியைச் சம்பாதித்துக்கொண்டார். உங்கள் நண்பரிடம் சண்டை போடாமல் குபினாவைப் பற்றிக் கேளுங்கள்.

நூல் கேட்டீர்கள். நடுநிலையானது என்னிடம் இல்லை. வார்சா கெட்டோவின் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் போர்க்கால போலிஷ்-யூத உறவு பற்றி எழுதியதை வாசியுங்கள். தோட்டக்காரர் மியெச்சிஸ்வாவ் வோல்ஸ்கி தன் செடிக்குடிலுக்கு அடியில் அமைத்த பதுங்குகுழியில், ஏறக்குறைய 40 பேர் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில், அவர் எழுதியது. மிரட்டிப் பணம் பறித்தவர்களும் அதில் உண்டு, வோல்ஸ்கி போன்றவர்களும் உண்டு. 1944 மார்ச்சில் குழி காட்டிக்கொடுக்கப்பட்டது. ரிங்கல்ப்ளூமும் மனைவியும் மகனும் கொல்லப்பட்டார்கள், வோல்ஸ்கியும்தான். மூலம் போலிஷ் மொழியில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் உங்களுக்கு ஒன்று, போலிஷில் நண்பருக்கு ஒன்று வாங்குங்கள். சேர்ந்து வாசித்துச் சண்டை வந்தால் எழுதுங்கள், வட்டியைப் பற்றி மட்டும் வேண்டாம்.

அன்புடன்