கடையில் வாங்கிய பவுடரும் என்சிஏஏ சோதனையும்

உங்கள் மகன் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியில் சேர்ந்திருக்கிறான், தசை வளர்க்கும் பவுடரை இரண்டு வாரமாகக் குடிக்கிறான், "கடையிலேயே விற்கிறார்களே" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

2015இல் புளோரிடா பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரர்) வில் கிரியர் இப்படித்தான் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். ஆடிய ஆறு ஆட்டத்திலும் தோற்காத அணி அது. மருத்துவக் குழுவிடம் கேட்காமல் கடைச் சரக்கைச் சாப்பிட்டேன் என்று அவரே சொன்னார். பாவம், ஒரு வருடத் தடை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவிடம் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது பெரும்பாலும் எடுபடாது. முதல் முறை சிக்கினாலே ஒரு வருடம் ஆட முடியாது, ஆடத் தகுதியுள்ள சீசன்களில் ஒன்றும் போய்விடும்.

இந்தப் பவுடர்களை விற்பனைக்கு முன் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சோதித்து அனுமதிப்பதில்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்டரின் என்றோ அதன் இன்னொரு பெயரான எம்.கே-2866 என்றோ இருந்தால் அது தடைசெய்யப்பட்ட பொருள். இல்லையென்றாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லேபிளில் இல்லாதது உள்ளே இருப்பதும் உண்டு.

அப்புறம், டப்பாவை எறிந்துவிட வேண்டாம். நாளைக் காலையே அணி வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள், பயந்து மறைத்துவிடப் போகிறான்.