பென்சில் கோடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களாகப் பென்சிலில் வரைகிறேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம், அவ்வளவுதான். நான்கு நோட்டுகள் நிறைந்திருக்கின்றன. அதில் ஒன்று முழுக்க என் அப்பா. கடைசி ஐந்து மாதம் அவர் படுக்கையில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவை. கைக்குக் கிடைத்த ஒரு சாதாரண நோட்டு. இப்போது எடுத்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் எல்லாம் பென்சில் கறை ஒட்டியிருக்கிறது. முகம் மங்கிக்கொண்டு வருகிறது. ஸ்கேன் செய்து பார்த்தேன். கன்னத்தில் இருந்த மெல்லிய நிழல் மொத்தமும் காணாமல் போய், கண்ணும் மூக்கும் மட்டும் கறுப்பாக நிற்கின்றன. அது அப்பா மாதிரியே இல்லை. லாமினேட் செய்துவிடு என்கிறார் ஒரு நண்பர். கோட்டின் மேல் பேனாவால் வரைந்துவிடு என்கிறார் இன்னொருவர். நான் ஒன்றும் ஓவியர் இல்லையே, இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் அந்த இரண்டு யோசனைகளையும் விட்டுவிடுங்கள். லாமினேஷனில் சூட்டில் பசையை உருக்கித்தான் பிளாஸ்டிக்கைத் தாளோடு ஒட்டுகிறார்கள். ஒட்டியபின் தாளைக் கிழிக்காமல் பிரிக்க வழியில்லை. பேனா அதைவிட மோசம். பெரும்பாலான பேனா மைகள் வெளிச்சத்தில் வெளிறும். பென்சில் வெளிறாது.

பென்சில் என்றால் சீக்கிரம் அழியக்கூடியது என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது, ரப்பரால் அழிக்க முடிகிறது என்பதால். உண்மையில் பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட், அதாவது கரிமம். வெயில் அதை ஒன்றும் செய்யாது. 1795இல் பிரான்சில் நிக்கோலா ஜாக் கோன்டே கிராஃபைட் பொடியோடு களிமண்ணைக் குழைத்துச் சுட்டுப் பென்சில் குச்சி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படை அதுதான். களிமண் கூடினால் கடினமான, வெளிறிய கோடு போடும் எச், கிராஃபைட் கூடினால் மென்மையான, கறுப்பான பி. இந்தத் துகள்கள் தாளின் சொரசொரப்பில் சிக்கி நிற்கின்றன, அவ்வளவுதான். பிடித்துவைக்க உள்ளே பசை எதுவும் கிடையாது. ஆகவே நூறு வருடம் சும்மா கிடந்தாலும் கோடு வெளிறாது, ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு முறை உரசினால் போதும், இடம் மாறிவிடும். உங்கள் அப்பாவின் முகம் மங்குவது உரசலால்தான். நல்ல வேளை, உரசலை நிறுத்த முடியும்.

எனக்கு இது தெரியாமல் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் கைகளை மட்டும் வரைந்தேன். மணிக்கட்டுப் பக்கம் தாள் லேசாகக் கிழிந்தது. பத்திரப்படுத்துகிறேன் என்று செல்லோ டேப் ஒட்டினேன். எட்டு வருடம் கழித்து எடுத்தபோது டேப் காய்ந்து தானாக உதிர்ந்தது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, தேன் நிறத்தில் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. அதன் அடியில் நரம்புகளுக்கு நான் போட்டிருந்த 2எச் கோடுகள் இப்போது தெரியவில்லை. கிழிசலை அப்படியே விட்டிருந்தால்கூட அந்தக் கை முழுசாக இருந்திருக்கும். அதிலிருந்து, திரும்ப எடுக்க முடியாத எதையும் ஒரு படத்தின் மேல் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இப்போது ஸ்கேன். கன்னத்து நிழல் போனது உங்கள் தவறும் இல்லை, ஸ்கேனரின் பழுதும் இல்லை. அது எழுத்தைப் படிக்கப் பழக்கப்பட்ட கருவி. டாக்குமென்ட் என்ற அமைப்பில் வைத்தால் தாளை முழு வெள்ளையாகவும் எழுத்தை முழுக் கறுப்பாகவும் ஆக்கப் பார்க்கும். உங்கள் நோட்டின் தாள் முழு வெள்ளை கிடையாது. அதைவிட ஒரு படி மட்டும் கருத்திருக்கிற கன்னத்து நிழலையும் அது அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடுகிறது. போனில் உள்ள ஸ்கேன் ஆப்களும் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன.

ஆகவே போட்டோ என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். தானாகச் சரிசெய்வது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிரேஸ்கேல், அதாவது சாம்பல் சாயல்கள் மட்டும், போதும். 16 பிட் (சாயல்களுக்கு நடுவில் இன்னும் நுண்ணிய படிகள்) இருந்தால் அதையே வையுங்கள். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். ஏ4 பக்கம் ஒன்று 4960க்கு 7016 பிக்சல் வரும், 8 பிட்டிலேயே 35 எம்பி அளவுக்குக் கோப்பு பெரிதாகும். பரவாயில்லை. முதல் பிரதியை டிஃப் என்ற, தரம் குறையாத கோப்பு வகையில் சேமித்து, அதைத் தொடவே தொடாதீர்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். அது மற்றவர்களுக்கு அனுப்ப மட்டும்.

இப்படி எடுத்த ஸ்கேன் முதலில் பார்க்கச் சோகையாக, சாம்பல் பூத்தது போல இருக்கும். பயப்படாதீர்கள், எல்லாம் உள்ளே இருக்கிறது. பிரதி ஒன்றைப் படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் லெவல்ஸுக்குப் போங்கள். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அப்பாவின் முகத்தில் நீங்கள் போட்டதிலேயே மெல்லிய கோடு எதுவோ அதைத் தேடிப் பிடியுங்கள். காதுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கலாம், நெற்றியில் இருக்கலாம். கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு வெள்ளைப் பக்கத்து முக்கோணத்தை மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். அந்தக் கோடு நடுங்க ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். பின்னணி கொஞ்சம் மங்கலாகவே இருக்கும், இருக்கட்டும். தாடையை இரண்டு முறை மாற்றி வரைந்திருந்தால் அழித்த தடம் தெரியும். அதையும் சுத்தம் செய்ய வேண்டாம். நீங்கள் அவரை எப்படிப் பார்த்துப் பார்த்து வரைந்தீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

கண்ணாடியின் மேல் நோட்டை இழுக்கக் கூடாது. நேராக வைத்து, நேராகத் தூக்குங்கள். பின்பக்கத்துப் படம் ஊடுருவித் தெரிந்தால் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் அடங்கிவிடும். நோட்டின் நடுமடிப்பு கண்ணாடியில் படியாமல் மங்கலாக வந்தால் அழுத்தி முதுகை உடைக்காதீர்கள். அந்தப் பக்கங்களுக்குக் கேமரா போதும். நேர் மேலிருந்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து எடுங்கள். 6பி வைத்து அழுத்தித் தீட்டிய இடங்கள் மினுங்கினால் விளக்கின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். இந்த மினுமினுப்பு பழைய தொல்லைதான். ஓவியர் வான்கோ அதைக் குறைக்கத் தன் பென்சில் படங்களின் மேல் பாலைப் பூசியிருக்கிறார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்!

அப்புறம் நோட்டு. பென்சில் துகளைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்சேடிவ் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இனி வரைபவற்றுக்கு அடியுங்கள். முதலில் வேண்டாத பக்கம் ஒன்றில் சோதித்துவிட்டு, வெளிக்காற்றில், ஓர் அடி தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக. அடித்தபின் நிறம் ஒரு சாயல் மாறலாம், அழித்துத் திருத்துவதும் கஷ்டம். அப்பாவின் பக்கங்களுக்கு நான் அடிக்க மாட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கிளாசின் தாள் வைத்தால் போதும். தபால்தலை சேகரிப்பவர்களின் மெல்லிய உறைகள் அந்த வழுவழுப்பான தாளில் செய்தவைதான். அமிலமற்றதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் பென்சில் துகளை இழுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டிய கறையை ரப்பரால் தேய்க்கப் போக வேண்டாம், அழுத்தம் அடுத்த பக்கத்துக்கு இறங்கும்.

சாதாரண நோட்டுத் தாள் பழுக்கும், அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள். யாராவது பார்க்கக் கேட்டால் ஸ்கேனைக் காட்டுங்கள். ஸ்கேன் மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

மெனக்கெட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும், ஆர். ஸ்கேனைப் பார்த்ததும் “அது அப்பா மாதிரியே இல்லை” என்று உங்களுக்குத் தெரிந்ததே, அது ஐந்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஓவியரா இல்லையா என்பது இங்கே ஒரு கேள்வியே இல்லை. மற்ற மூன்று நோட்டுகளும் காத்திருக்கட்டும். இந்த வாரம் இந்த ஒன்றைச் செய்யுங்கள். தேதி நினைவிருக்கும் பக்கங்களில் ஓர் ஓரத்தில், படம் இல்லாத இடமாகப் பார்த்து, எச்பி பென்சிலால் லேசாகத் தேதியை எழுதி வையுங்கள்.

முதல் பக்கம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். லெவல்ஸ் தொடாத பிரதியையும் சேர்த்து.