கறுப்பு காரில் தூசி: முதலில் அந்தக் காய்ந்த துணியை விடுங்கள்

வணக்கம் சார். தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைத்தும் மதியத்துக்குள் தூசி படிகிறது, வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கீறலுக்குக் காரணமே அந்தத் துணிதான். தெருத்தூசியில் இருக்கும் நுண்மணல் பெயின்ட்டின் மேல்பூச்சைவிடக் கடினமானது. அதை வைத்தே தினமும் தேய்க்கிறீர்கள். வெள்ளைக் காரிலும் இதே கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிடுங்கள். அப்புறம் கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். வெயிலில் கழுவ வேண்டாம். போர் தண்ணீர் என்றால் உப்புத்திட்டு அப்படியே நின்றுவிடும், உடனே ஒற்றி எடுங்கள். வாரம் ஒருமுறை போதும். நடுவில் தூசி இருந்தால் இருக்கட்டும், கறுப்பு கார் வாங்கினால் இது உண்டு.

பம்பர் ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கான பாலிஷ் போட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கலந்த வகை டிரெஸ்ஸிங்கை (பிளாஸ்டிக்கில் தடவும் பூச்சு) கொஞ்சமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பாடிக்குப் போடும் மெழுகு இந்தப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் படியும், ஜாக்கிரதை.