பார்க்காத மலை

அன்புள்ள ஐயா,

பெர்லினில் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக், ஆல்ப்ஸ் மலை ஒன்றை வரைந்த ‘வாட்ஸ்மான்’ ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றேன். மெய்சிலிர்த்தது. இரவு விடுதியில் இரண்டு மணி நேரம் அதைப் பற்றிப் படித்தேன். மனிதர் ஆல்ப்ஸ் பக்கமே போனதில்லையாம்! பார்க்காத மலையை வரைவது மோசடி இல்லையா? நேரில் போன ஆங்கில ஓவியர் டர்னர்தானே பெரியவர்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஐந்து நிமிடம் பார்த்தீர்கள், இரண்டு மணி நேரம் படித்தீர்கள். அங்கேதான் தப்பு. சிலிர்த்தது உங்கள் உடம்பு. அதை ஏன் ஒரு தகவலுக்காகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்?

டர்னரா ஃப்ரீட்ரிக்கா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. டர்னரும் ஆல்ப்ஸில் கிறுக்கிய நோட்டுகளை லண்டனுக்குக் கொண்டுவந்துதான் எண்ணெய் வண்ணம் தீட்டினார்.

‘மோசடி’ என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வாட்ஸ்மானுக்குப் போய் நீர்வண்ணத்தில் அதை வரைந்து வந்தவர் ஆகஸ்ட் ஹைன்ரிக், ஃப்ரீட்ரிக்கோடு பழகிய இளம் ஓவியர். 1822இல் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த நீர்வண்ணத்தை வைத்துத்தான் 1824-25இல் ஃப்ரீட்ரிக் இதை வரைந்தார். முன்னால் நிற்கிறதே, அந்தப் பாறை ஆல்ப்ஸில் கிடையாது. 1811இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைகளில் நடந்தபோது அவரே பென்சிலில் வரைந்துகொண்டது. கீழே தான் கண்ட பாறை, மேலே செத்துப்போன பையன் கண்ட பனி. 135 சென்டிமீட்டர் உயரம், 170 அகலம், அதில் ஒரு மனிதர்கூடக் கிடையாது. அவருடைய எத்தனையோ படங்களில் யாராவது ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இதில் அந்த இடம் காலி. ஏன் காலி என்று அந்த ஐந்து நிமிடத்தில் ஒருமுறையாவது கேட்டுக்கொண்டீர்களா?

எனக்கும் ஓவிய நண்பர் ஒருவர் இருந்தார். இமயத்துக்குப் போய்வந்தவர், ஒரு சின்ன நோட்டை என்னிடம் கொடுத்து, “வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன்” என்றார். நான்கே மாதம், போய்விட்டார். ஒரு பக்கத்தில் சிகரத்தின் ஒற்றைக் கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘இங்கே ஊதா, சாயங்காலம் அஞ்சு மணி’. அந்த மலைக்கு நான் போனதே இல்லை. ஆனால் அந்த ஊதா எனக்குத் தெரியும். எனக்கு வரையத் தெரிந்திருந்தால் வரைந்திருப்பேன். அதை யாராவது மோசடி என்றால் சண்டைக்குப் போவேன்.

விமானம் ஏறுவதற்குள் நேரம் இருந்தால் திரும்பப் போங்கள். போனைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் அந்தப் பாறையைப் பாருங்கள். பிறகு மெதுவாக மேலே.

நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் மூலையில் அவருடைய கட்டைவிரல் கரி அப்படியே ஒட்டியிருக்கிறது.